ஒரே ஓர் அணு

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகர ஆய்வகத்தில் 1970-களில் ஒரு சல்லடை அமைத்தார்கள். பெயர் ஷிப். தானியத்தை அல்ல நேயர்களே, வேகத்தைச் சலிக்கும் சல்லடை! மின்புலமும் காந்தப்புலமும் சேர்ந்து, பாய்ந்து வரும் கோடானுகோடி அயனிகளை ஒதுக்கிவிட்டு, மெதுவாக வரும் புதிய அணுக்கருவை மட்டும் உணர்கருவிக்கு அனுப்பும்.

1982 ஆகஸ்ட் 29. பிஸ்மத் தகட்டின் மீது இரும்பு அயனிகளைப் பல நாட்கள் மோதவிட்டதில் கிடைத்தது ஒரே ஓர் அணு. அதுவும் நொடியில் இருநூறில் ஒரு பங்கு நேரத்தில் சிதைந்துபோனது. அந்த ஒற்றை அணுவை வைத்தே 109-ஆம் தனிமத்தை அறிவித்தது ஆர்ம்புரூஸ்டர், மியூன்சன்பெர்க் தலைமையிலான குழு. எவ்வளவு துணிச்சல்! அணுக்கருப் பிளவை விளக்கியும் நோபல் பரிசு கிடைக்காத லீசெ மைட்னரின் நினைவாக அதன் பெயர் மைட்னீரியம். 107 முதல் 112 வரை ஆறு தனிமங்கள் இந்தச் சல்லடையில் சிக்கியவை.