மலையில்லா ஊரின் மண் சரிவு

மண் சரிய மலை வேண்டும் என்பதில்லை. செங்குத்தாக வெட்டிய மண்ணும் அதில் ஊறிய நீரும் போதும். 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவு இறங்கி ஒரே வீட்டில் 7 பேரைப் புதைத்தது. சென்னையிலோ அந்தச் சரிவை மனிதர்களே தோண்டி வைக்கிறார்கள். 2023 டிசம்பர் 4 அன்று, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டிய சுமார் 50 அடிப் பள்ளத்தின் ஓரம் உள்வாங்கியது. சேறும் நீரும் நிறைந்த குழியிலிருந்து இருவரின் உடல்களை எடுக்க நாலைந்து நாள் ஆனது. மழையே இல்லாமலும் இது நடக்கும்: 2017 ஏப்ரல் 9 அன்று அண்ணா சாலையில், மெட்ரோ சுரங்கத்துக்கு மேலிருந்த மண் இறங்கி, மாநகரப் பேருந்தும் காரும் சாலைக்குள் அமிழ்ந்தன. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

மயிலாப்பூர், அடையாறு பக்கம் கடலும் ஆறும் சேர்த்த மணல் அதிகம். மெரினாவில் பிள்ளைகள் கட்டும் மணல் வீடு லேசான ஈரத்தில் நிற்கும், அலை தொட்டதும் கரையும். மணல் துகள்களுக்கு நடுவே நீர் நிரம்பினால் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி விட்டு, மண் கூழாக ஓடும். தி.நகர் 1920-களில் ஏரியை வற்றவைத்து உருவான பகுதி. ஏரிக்களிமண் மழை விட்டுச் சில நாள் கழித்தும் நழுவக்கூடும்.

பழைய வீட்டை இடித்து, தரைக்குக் கீழே கார் நிறுத்த இடம் விட்டு அடுக்ககம் எழுப்பும் தெருக்களில்தான் ஆபத்து கூடுதல். வானம் தோண்டும் முன்பே சுற்றிலும் இரும்புத் தகடோ கான்கிரீட் தூண்களோ இறக்கவேண்டும். செலவு பார்த்து அதை விடுபவர் பக்கத்து வீட்டையும் சேர்த்தே பணயம் வைக்கிறார்.

பள்ளத்தில் மோட்டார் இறைக்கும் நீர் தெருவில் விழும் இடத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும். தெளிந்த நீர் என்றால் பயம் குறைவு. கலங்கலாக வந்து, குழாய் வாயருகே நைசான மணல் படிந்தால், அக்கம்பக்கத்து அடிமண் வெளியேறிக்கொண்டிருக்கிறது. சுவர் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைத்தால், அது வளர்கிறதா என்று தெரியும். நேற்று வரை சரியாகச் சாத்திய கேட் இன்று தாழ்ப்பாளில் சேராததும் ஓர் அறிகுறிதான்.

அப்படித் தெரிந்தால், மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்குச் சொல்லிவிட்டு, பள்ளத்தை ஒட்டிய அறைகளில் இரவு படுப்பதை நிறுத்தவேண்டும். மொட்டைமாடி மழைநீர்க் குழாயை அந்தப் பக்கம் கொட்டவிடக்கூடாது. செங்கல் லோடோ வண்டிகளோ விளிம்பில் நிற்கக்கூடாது. மண் சரியும் சத்தம் கேட்டு எட்டிப் பார்க்க ஓடுவதுதான் பலரும் செய்யும் தவறு. பள்ளம் எவ்வளவு ஆழமோ, அவ்வளவு தூரமாவது தள்ளி நிற்பது நல்லது.