மின்சாரக் கணக்கைத் திறந்து வைப்பவர்கள்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அக்கரையில் பழைய சீவரம். இக்கரையில், உத்திரமேரூர் வட்டத்தில், அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில். அந்தக் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 1068-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கோயிலோடு சேர்ந்து நடந்த கல்விச்சாலை, மாணவர் விடுதி, ஆதுலர்சாலை ஆகியவற்றின் செலவை வரி வரியாக அடுக்கிச் சொல்கிறது. பதினைந்து பேர் படுத்துச் சிகிச்சை பெற்ற அந்த ஆதுலர்சாலையைப் பற்றி மருத்துவ வரலாறு எழுதுபவர்கள் நிறையவே எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதில் கணக்கு எழுதியிருக்கும் முறை.

இவ்வளவு செலவு என்று மொத்தத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு அது நகர்ந்துவிடவில்லை. நோயாளிகள் 15 பேர், ஆளுக்கு அரிசி ஒரு நாழி, ஆக ஒரு குறுணி ஏழு நாழி என்கிறது. குறுணிக்கு எட்டு நாழி. கூட்டிப் பார்த்தால் சரியாக வருகிறது. மருத்துவருக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை செய்பவருக்கு 30 கலம் நெல். இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெய்க்கும் அதில் இடம் உண்டு. அந்த ஊரின் முதல் எரிசக்திக் கணக்கு என்று அதைச் சொன்னால் கல்வெட்டறிஞர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன். தலைக்கு எவ்வளவு, எத்தனை தலை, ஆக எவ்வளவு என்று மூன்றையும் எழுதி வைத்ததால், ஒன்பதரை நூற்றாண்டு கழித்தும் தப்பு இருந்தால் நாம் கண்டுபிடிக்கலாம்.

நம் காலத்து மின்சாரத் திட்டங்களின் கணக்கு பெரும்பாலும் இப்படி இருப்பதில்லை. 2029-30-இல் இந்தியாவுக்கு எவ்வளவு அனல்மின்சாரம், எவ்வளவு சூரியமின்சாரம், எவ்வளவு பேட்டரி வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையம் 2020-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணக்கைப் போட்டது ‘ஓர்டினா’ என்ற விலைக்கு வாங்கும் மென்பொருள். அறிக்கையில் அனுமானங்கள் இருக்கின்றன, முடிவுகளும் அட்டவணைகளாக இருக்கின்றன. நடுவில் நடந்த கணக்கை நாம் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அந்த மென்பொருளைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்த முடிவுகளை நம்பித்தான் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் கம்பியாகவும் கொதிகலனாகவும் மாறுகிறது. பிறகு அதுவே மின்கட்டணமாகி நம் வீட்டுக்கு வருகிறது.

அந்தப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது? ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணியிலும், கம்பி வலையின் ஒவ்வொரு முனையிலும், வருகிற மின்சாரமும் போகிற மின்சாரமும் சமமாக இருக்க வேண்டும். கம்பி தாங்குவதற்கு மேல் அனுப்ப முடியாது. காற்று வீசினால்தான் காற்றாலை சுழலும், அணையில் நீர் இருக்கும்வரைதான் நீர்மின்சாரம். இந்த நிபந்தனைகளை எல்லாம் சமன்பாடுகளாக எழுதிவிட்டு, மொத்தச் செலவு மிகக் குறைவாக வர வேண்டுமானால் எதை, எங்கே, எவ்வளவு கட்டுவது, எந்த மணியில் எதை ஓட்டுவது என்று கணினியைக் கேட்கிறார்கள். இதுதான் ஆற்றல் அமைப்பு மாதிரி. இதில் உள்ள கணிதம் பொறியியல் கல்லூரிகளில் சொல்லித் தருவதுதான். சமன்பாடுகளின் எண்ணிக்கைதான் லட்சக்கணக்கில் போகும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 5 குதிரைத்திறன் பம்ப்செட் 200 இருப்பதாக வைத்துக்கொள்வோம். எல்லாம் சேர்ந்து ஓடினால் 746 கிலோவாட். ஆறு மணி நேரம் ஓடினால் 4,476 யூனிட். தமிழ்நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் சூரியத்தகடு சராசரியாக நாளுக்கு நான்கு, நான்கரை யூனிட் தரும். ஆகவே ஏறத்தாழ ஒரு மெகாவாட் தகடு இருந்தால் அந்த ஊரின் பாசனம் பகலிலேயே முடிந்துவிடும். அதே மோட்டார்களை இரவு பத்து மணிக்கு மேல் ஓட்டச் சொன்னால் கதை வேறு. பகல் மின்சாரத்தைப் பேட்டரியில் தேக்க வேண்டும், இல்லை நிலக்கரி எரிக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் கடம்பாறைபோல நீரை மேலே ஏற்றி வைத்து இரவில் இறக்க வேண்டும். ஆனைமலையில் இருக்கும் கடம்பாறையின் முழுத்திறன் 400 மெகாவாட். மோட்டாரும் மாறவில்லை, தண்ணீரும் மாறவில்லை, மணி மட்டும்தான் மாறியது. முதலீடு எங்கேயோ போய்விட்டது. தமிழ்நாட்டில் இருப்பவை 200 பம்ப்செட் அல்ல, 20 லட்சத்துக்கும் மேல். இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தேடும் கணக்கை ஓர் அலுவலகம் மட்டும் பூட்டி வைத்துக்கொள்ள வேண்டுமா என்பதே விவாதம்.

வேண்டாம் என்றவர்கள் முதலில் கிளம்பியது வட ஐரோப்பாவில். பால்டிக் கடலோர நாடுகளுக்காக டென்மார்க்கில் உருவான ‘பால்மோரெல்’ மாதிரியின் நிரல் 2001 வாக்கிலேயே பொதுவில் வந்துவிட்டது. ‘ஓசிமோசிஸ்’ 2011-இல் சுவீடனிலிருந்து வந்தது. வசதி குறைந்த நாடுகளின் திட்டமிடுபவர்கள் உரிமக் கட்டணம் இல்லாமல் பயன்படுத்த வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நாட்களில் ஐரோப்பிய ஆணையமே ‘பிரைம்ஸ்’ என்ற மூடிய மாதிரியை வைத்துத்தான் கொள்கை வகுத்தது, அதற்காகத் திட்டும் வாங்கியது. 2014 செப்டம்பரில் பெர்லினில் கூடிய இளம் ஆய்வாளர்கள் ‘ஓப்பன்மாட்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தலைவர், செயலாளர், சந்தா என்று எதுவும் கிடையாது. நிரலையும் தரவையும் திறந்து வை, உரிமத்தை எழுத்தில் கொடு, கேள்வி கேட்டால் பதில் சொல், அவ்வளவுதான்.

இவற்றில் இன்று மிகப் பரவலானது ‘பைப்சா’. டாம் பிரவுன் என்ற இயற்பியலாளரும் அவருடைய சகாக்களும் பிராங்பர்ட்டில் எழுதத் தொடங்கியது. 2018-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. இப்போது பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு வளர்கிறது. இதிலிருந்து கிளைத்த ‘பைப்சா-எர்த்’ என்ற திட்டம் 2023-இல் நைஜீரியாவை எடுத்துக்காட்டாக வைத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டது. உலகின் எந்த நாட்டின் பெயரைக் கொடுத்தாலும், பொதுவில் கிடைக்கும் தரவுகளைத் தானே திரட்டி அந்த நாட்டுக்கு ஒரு மாதிரி கட்டித் தருவது அதன் வேலை. வானிலைக்கு ‘ஈரா-5’ என்ற ஐரோப்பியத் தரவு. 1940 முதல் மணிக்கு மணி, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கட்டங்களாக, பூமி முழுவதற்கும் அது இருக்கிறது. 2015 டிசம்பர் மழை வாரத்தில் திருமுக்கூடல் மேல் எவ்வளவு வெயில் விழுந்திருக்கும் என்று கேட்டால்கூடப் பதில் வரும். அது அளந்த எண் அல்ல, கணித்த எண் என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

நிரல் இலவசமாக வந்தாலே எல்லாம் திறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சமன்பாடுகளை எழுதுவது ஒரு வேலை, அவற்றைத் தீர்ப்பது இன்னொன்று. தீர்க்கும் மென்பொருள்களில் வேகமானவை பெரும்பாலும் விலைக்கு விற்பவை. பல ஆண்டுகள் இந்த வட்டாரத்தில் பலரும் ‘மாதிரி இலவசம், விடைக்குத்தான் காசு’ என்ற நிலையில்தான் இருந்தார்கள். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஹைஸ்’ என்ற கட்டற்ற தீர்வுநிரல் வந்த பிறகே அந்த நிலை தளர்ந்தது. அதை எழுதியவர்களின் பெயர் மின்துறை மாநாடுகளில் அதிகம் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் முதல் மாலை அவர்களுக்குத்தான்.

இந்தியாவில் இந்தப் பாதையில் முதலில் வந்தது அரசுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். பிரிட்டனில் டேவிட் மெக்கே முன்னின்று செய்த ‘2050 கால்குலேட்டர்’ என்ற திறந்த கணக்கேட்டைப் பின்பற்றி, நம் திட்டக்குழு 2014-இல் ‘இந்திய எரிசக்திப் பாதுகாப்புச் சூழல்கள் 2047’ என்ற ஒன்றை வெளியிட்டது. எக்செல் கோப்பாகவே கொடுத்தார்கள், உள்ளே போய் எண்ணை மாற்றிப் பார்க்கலாம். பிறகு நிதி ஆயோக் அதைத் தொடர்ந்தது. புணேயில் இருக்கும் பிரயாஸ் எரிசக்திக் குழு இன்னும் ஒரு படி மேலே போய், 2021-இல் ‘ரூமி’ என்ற கட்டற்ற மாதிரித் தளத்தையும் அதன்மேல் கட்டிய இந்திய மாதிரியையும் வெளியிட்டது. எனக்கு அதில் பிடித்தது வீட்டு மின்தேவையை அவர்கள் பார்த்த விதம். ‘இந்தியக் குடும்பம்’ என்று ஒன்றைச் சராசரியாகச் செய்து வைக்காமல், கிராமம்-நகரம் என்றும், செலவு செய்யும் திறனை வைத்து ஐந்து அடுக்காகவும் பிரித்தார்கள். ஏ.சி. வாங்கப்போகும் வீடும் முதல் மிக்சி வாங்கப்போகும் வீடும் ஒரே கணக்கில் வந்தால் 2030-க்கான எண் தப்பாகத்தான் வரும்.

தமிழ்நாட்டுக்கென்றே ஒரு பெரிய ஆய்வும் உண்டு. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் நம் மின்வாரியத்தோடு சேர்ந்து 2020 முதல் 2030 வரை மாநில மின்துறை போகக்கூடிய பாதைகளை மாதிரியிட்டது. பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கும் மாநிலம், அதுவும் மே முதல் செப்டம்பர்வரை காற்றைப் பிடித்து வைக்க இடமில்லாமல் தவிக்கும் மாநிலம், மாதிரி போடுகிறவர்களுக்கு நல்ல பாடம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒரே தாளத்தில் இணையும்வரை, அந்தக் காற்றை வடக்கே அனுப்பவும் வழி குறைவு. அந்த இணைப்பு இல்லாததால்தான் 2012 ஜூலையில் வடக்கே 60 கோடிப் பேருக்கு விளக்கு அணைந்தபோது தெற்கு தப்பியது. நாம் அப்போது நம்முடைய சொந்த மின்வெட்டில் இருந்தோம் என்பது வேறு விஷயம்.

இதற்கெல்லாம் பாலாற்றங்கரையில் இருப்பவருக்கு என்ன வேலை? இருக்கிறது. பைப்சா-எர்த் தன் கம்பி வலையை எடுப்பது ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ என்ற பொது வரைபடத்திலிருந்து. அதில் மின்கோபுரங்களைக் குறிப்பவர்கள் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள். செயற்கைக்கோள் படத்தில் கோபுரத்தின் நிழல் தெரியும், கம்பி போகும் திசை தெரியும். எத்தனை வோல்ட் என்பது தெரியாது. இந்தியாவின் பெரும்பாலான மாநிலங்களில் 132, 220 கிலோவோல்ட் என்று இருக்கும் இடத்தில் தமிழ்நாட்டில் 110, 230 என்று இருக்கும். வெளியூரில் உட்கார்ந்து குறிப்பவர், மற்ற இந்தியாவைப் பார்த்த பழக்கத்தில், 132 என்று போட்டுவிட்டுப் போகலாம். மாதிரியில் அந்தக் கம்பி தாங்கும் அளவு மாறிவிடும். கோபுரத்தடியில் போய் நின்றால் ‘அபாயம்’ என்று மண்டையோடு போட்ட தகட்டிலேயே எண் இருக்கும். தகடு துருப்பிடித்துப் போயிருந்தால் இன்சுலேட்டர் வட்டுகளை எண்ணலாம். வோல்ட் கூடக் கூட வட்டும் கூடும். மேலே ஏறக் கூடாது, கீழிருந்து செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

கம்பி போகும் தடத்தை வெளியிட்டால் நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அதிகாரிகள் தரப்பில் ஒரு வாதம் வைக்கப்படும். துணை மின்நிலையத்தின் உள்ளே இருக்கும் பாதுகாப்பு ரிலே அமைப்புகளைப் பற்றி அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கெல்லாம் தெரியும் கோபுரத்தைப் பற்றிச் சொன்னால் சிரிப்புத்தான் வருகிறது.

கோபுரத்தை எண்ணுவது எளிது, பம்ப்செட்டை எண்ணுவதுதான் கடினம். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால் பெரும்பாலான இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. சில இடங்களில் மாதிரி மீட்டர் வைத்து, அதில் கிடைக்கும் எண்ணைக் குதிரைத்திறனால் பெருக்கி, மாநிலம் முழுவதற்கும் மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீட்டைக் கொஞ்சம் கூட்டினால் விவசாயம் நிறைய எடுத்ததாகவும் கம்பியில் போன இழப்பு குறைந்ததாகவும் தெரியும், குறைத்தால் எதிர்மாறாகத் தெரியும். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விசாரணைகளில் ஆண்டாண்டாக நடக்கும் சண்டை இது. திறந்த மாதிரி ஒன்று வந்தாலும் இந்த இருட்டு அப்படியே உள்ளே வந்துவிடும். மணிவாரியாக எந்த ஊரில் எத்தனை மோட்டார் ஓடுகிறது என்ற எண் இல்லாமல், நான் மேலே போட்ட பகல்-இரவுக் கணக்கு மாநில அளவில் வெறும் ஊகம்தான்.

இதற்கு ஒரு வழியை பிரயாஸ் குழுவே காட்டியிருக்கிறது. நிமிடத்துக்கு ஒருமுறை வோல்டேஜைப் பதிவு செய்யும் சிறு கருவிகளை நாட்டின் பல ஊர்களில் வீடுகளிலும் பண்ணைகளிலும் மாட்டி, மின்சாரம் எப்போது வந்தது, எப்போது போனது, எவ்வளவு தாழ்ந்தது என்பதைப் பொதுவில் வைத்தார்கள். மீட்டர் வைத்தால் நாளைக்குக் கட்டணம் கேட்பார்கள் என்று விவசாயி பயப்படுவதில் நியாயம் உண்டு. யூனிட்டை எண்ணாமல் வோல்டேஜை மட்டும் பார்க்கும் கருவிக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. ஒரு டிரான்ஸ்பார்மருக்கு ஒன்று மாட்டினாலே, மோட்டார்கள் ஒன்றாக ஓடும் மணியில் வோல்டேஜ் இறங்குவது வரைகோட்டில் தெரிந்துவிடும்.

திருமுக்கூடல் இருக்கும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் அதைச் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் ‘கணியம்’ இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கென்றே ஒரு லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. ஆற்றல் மாதிரி இவர்களின் அன்றாட வேலை அல்ல, ஆனால் அதற்கு வேண்டிய நிரல்மொழியும் உரிமம் பற்றிய தெளிவும் இவர்களிடம் உண்டு. சுற்றிலும் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை. இறுதியாண்டு மாணவர்கள் செய்யும் புராஜெக்ட்டுகளில் தானாக எரியும் தெருவிளக்கு ஆண்டுதோறும் பத்தாவது இருக்கும். அதில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு ஓர் ஊரின் டிரான்ஸ்பார்மர்களையும் மோட்டார்களையும் கணக்கெடுத்து, ஒரு பருவம் வோல்டேஜ் பதிந்து, உரிமக் குறிப்போடு வெளியிட்டால் பெர்லினில் இருப்பவர்களும் எடுத்துப் பயன்படுத்துவார்கள். உரிமக் குறிப்பை மட்டும் மறந்துவிடக் கூடாது. அது இல்லாமல் இணையத்தில் போட்ட தரவை, எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்தக் குழுவினர் தொட மாட்டார்கள்.