ஆவணியில் முடிந்த கணக்கு

திருவனந்தபுரம் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஆவணி முதல் தேதி புதுப் பேரேட்டில் மஞ்சள் தடவிய சாலை பஜார் கடைக்காரர்களுக்கு நான் கணக்கு எழுதியிருக்கிறேன். கொல்லம் ஆண்டு பிறப்பது அன்றுதான். வருமான வரி அலுவலகமும் அந்த ஆண்டை ஏற்றுக்கொண்ட காலம் அது. தீபாவளிக்கு முடிப்பவர், சித்திரைக்கு முடிப்பவர், டிசம்பரில் முடிப்பவர் என்று ஒரே தெருவில் நாலு விதம்.

அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. கணக்கு என்றைக்கு முடிகிறது என்பதைத்தான் சட்டம் பார்த்தது. 1980 மார்ச் 31-இல் முடித்தால் லாபம் 1980-81 மதிப்பீட்டு ஆண்டில் வரும். இரண்டு வாரம் தள்ளிச் சித்திரைப் பிறப்போடு முடித்தால் 1981-82-க்குப் போய்விடும். ஏறக்குறைய அதே லாபம்தான், மதிப்பீடு மட்டும் ஒரு வருஷம் பின்னால். முன்கூட்டியே கட்டும் தவணைகள் உண்டு என்றாலும், மிச்ச வரிப் பணம் அதுவரை சரக்கில் சுழலும். நினைத்தபோது தேதியை மாற்ற முடியாது, அதிகாரி சம்மதிக்க வேண்டும். அதனால் கடை திறக்கும்போதே நாள் பார்த்தவர்தான் கெட்டிக்காரர். பஞ்சாங்கம் பார்த்ததாகத்தான் சொல்லிக்கொள்வார்கள்!

1989-90 மதிப்பீட்டு ஆண்டோடு இது முடிந்தது. எல்லாருக்கும் மார்ச் 31 என்றாகிவிட்டது. ஆவணிக்காரர்களுக்கு அந்த மாற்றக் கணக்கு 1987 ஆகஸ்டிலிருந்து 1989 மார்ச் வரை, பத்தொன்பது மாதத்துக்கும் மேல் நீண்டது. அத்தனை மாத லாபத்துக்கும் உயர்ந்த விகிதம் விழாதிருக்கச் சட்டத்திலேயே தனி அட்டவணை சேர்த்தார்கள். அது நியாயம்தான்.

பிரிட்டனில் தனி வியாபாரிகளுக்கு இந்த வசதி இன்னும் நெடுநாள் இருந்தது. 2024-25 முதல் அங்கேயும், எந்தத் தேதியில் கணக்கு முடித்தாலும், ஏப்ரல் 6 முதல் அடுத்த ஏப்ரல் 5 வரையான லாபத்துக்கே வரி.

"அண்ணாச்சி, ஆவணியில கணக்கு முடிச்சா வரி குறையுமாமே?" என்று பேக்கரி வைத்திருக்கும் தம்பி கேட்டான். குறையாது தம்பி. 2026 ஏப்ரல் முதல் புது வருமான வரிச் சட்டம். அதில் ‘வரி ஆண்டு’ என்று பேர் மாறியிருக்கிறது, மார்ச் 31 மாறவில்லை. இன்று தேதி பார்க்க வேண்டிய இடம் தேய்மானம். விற்றுமுதலில் 8 சதவீதமோ, டிஜிட்டல் வரவுக்கு 6 சதவீதமோ லாபமென்று காட்டுகிற சிறு கடைக்காரருக்கு, தேய்மானம் தனியாகக் கிடையாது. முறையாகப் பேரேடு வைத்து லாபம் காட்டுகிறவர்கள் ஒன்று செய்யலாம். ஃப்ரீசரோ அடுப்போ வாங்குவதானால் செப்டம்பருக்குள் வாங்கி ஓடவிடுங்கள். அந்த ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும்.