புறநகரில் பார் தேடிய கதை

"நாம ரெண்டு பேர் மட்டும் உட்கார்ந்து பேசி எவ்வளவு நாளாச்சு?" என்று போன மாசம் மனைவி கேட்டாள். கல்யாணமாகி பதினாறு வருஷம். பதில் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்காவது போகலாம் என்று கூகுள் மேப்பில் 'பார்' என்று தேடினேன். நாங்கள் இருப்பது சிறுசேரிப் பக்கம். வந்ததெல்லாம் டாஸ்மாக்கை ஒட்டிய பார்கள். அங்கே மனைவியோடு போய் உட்கார முடியுமா!

தேடிய வார்த்தைதான் தப்பு. தமிழ்நாட்டில் 2003-லிருந்து மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். அதைத் தாண்டி உட்கார்ந்து குடிக்க முக்கியமாக இரண்டு உரிமங்கள்: கிளப்புகளுக்கு எஃப்.எல்.2, தங்கும் ஹோட்டல்களுக்கு எஃப்.எல்.3. பெங்களூர் மாதிரி தெருவுக்குத் தெரு பப் இங்கே முளைக்காததற்கு இது பெரிய காரணம். சென்னையில் பப் என்று நாம் சொல்வது பெரும்பாலும் ஏதோ ஒரு ஹோட்டலுக்குள்தான் இருக்கும். கிளப் என்றால் உறுப்பினராக இருக்கணும். ஆக, புறநகரில் தேட வேண்டியது பார் இல்லை, ரூம் வாடகைக்கு விடும் ஹோட்டல்.

அப்படித் தேடினதில் மூன்று சிக்கின. முதலில் நான் மட்டும் போய்ப் பார்த்தேன் (ஆராய்ச்சி என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள்). கத்தாமல் பேச முடியுதா, பெண்கள் கழிவறை சுத்தமா, ராத்திரி பத்து மணிக்கு வாசலுக்கு கால் டாக்சி வருமா? இரண்டில் சுவர் முழுக்க கிரிக்கெட். மூன்றாவதில் டிவியே இல்லை.

அங்கேதான் போனோம். எனக்கு ஒரு பீர், அவளுக்கு லைம் சோடா. பேசினதை இங்கே எழுதப்போவதில்லை.