முறுக்கு டப்பாவுக்குப் பக்கத்தில் துப்பாக்கி!

"ஏம்மா, பொம்பளப் புள்ளைய துப்பாக்கியோட பிளேன்ல ஏத்தி வுடப் போறியா? போலீஸ் புடிச்சிக்காதா?"

முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு ஆயா இப்படிக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேனே தவிர, உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான்!

என் பெரிய மகள் பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்தபோது முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டாள். "வீணை கத்துக்கோடி, பாட்டு கத்துக்கோடி" என்று நான் கரடியாய்க் கத்தியதெல்லாம் காற்றோடு போயிற்று. "எனக்கு இதுதாம்மா புடிச்சிருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அவள் அப்பாவும் அவள் கட்சி. அப்புறம் என்ன செய்வது?

அவள் சுடுவது ஏர் ரைஃபிள். வெடிமருந்து கிடையாது, அழுத்தி அடைத்த காற்றின் வேகத்தில் சின்ன ஈயக் குண்டு பாயும். பத்து மீட்டர் தூரத்தில் குறி. அதன் நட்டநடுப் புள்ளியின் அகலம் அரை மில்லி மீட்டர்தான். நாம் கோலத்துக்கு வைக்கிற புள்ளிக்குள் அதைப் போல எத்தனையோ அடங்கும். 75 நிமிஷத்துக்குள் 60 குண்டு. மூச்சைக்கூட அளந்துதான் விட வேண்டும். "அடக்கமான பொண்ணா இரு" என்று நான் சொல்லிச் சொல்லி வராத அடக்கம், இந்த விளையாட்டில் தானாக வந்துவிட்டது!

நமக்குப் பக்கத்துக் கடலூரில் 1999-இல் பிறந்த இளவேனில் வாலறிவன் இதே ஏர் ரைஃபிளில்தான் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கினார். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் போய் வந்துவிட்டார். அந்தப் பெண்ணின் படம் என் மகளின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்த என் நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, "பாரிஸ் ஒலிம்பிக்னு பேருதான் அண்ணி, துப்பாக்கிப் போட்டியை ஷத்தோரூலல்ல வெச்சாங்க!" என்றாள். பாரிசுக்குத் தெற்கே 270 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற ஊர் அது. அங்கே வந்து சேர்ந்த ஒவ்வொரு வீராங்கனையின் துப்பாக்கியும் எத்தனை விமான நிலையத்தில் திறந்து மூடப்பட்டிருக்கும் என்று அப்போது எனக்கு நினைக்கத் தோன்றவில்லை. நாமே ஒரு தரம் பட்ட பிறகுதான் தெரிகிறது.

எங்கள் முதல் பயணம் டெல்லிக்கு. 1982 ஆசிய விளையாட்டுக்காகத் துக்ளகாபாத்தில் கட்டிய டாக்டர் கர்ணி சிங் மைதானத்தில் போட்டி. விடியற்காலை மூன்று மணிக்கு வாடகைக் காரில் கிளம்பி, ஈ.சி.ஆர். வழியாகச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தோம். "ஏர் ரைஃபிள் இருக்கு" என்று இவர் கவுண்டரில் சொன்னதும், அங்கிருந்த பெண் முகம் மாறாமல் பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிட்டாள். அவரும் மரியாதையானவர். பெட்டியைத் திறக்கச் சொன்னார். காகிதமெல்லாம் சரி. துப்பாக்கியில் பொறித்த எண்ணும் ரசீதில் இருக்கிற எண்ணும் ஒன்று. குழல் காலி. கடைசியாகக் காற்று சிலிண்டரைக் கையில் எடுத்தார்.

"இதுல பிரஷர் இருக்கே மேடம்! இதை ஏத்த முடியாது."

அது நம் வீட்டு டார்ச் லைட்டைவிடக் கொஞ்சம் நீளமான உலோகக் குழாய். துப்பாக்கியின் முன்பக்கம் திருகி மாட்டுவது. முழுக்க நிரப்பினால் அதற்குள் 200 பார் அழுத்தம் இருக்கும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். அதைப் போல நூறு மடங்கு! விமானத்தில் ஏற்றுவதற்குமுன் அதைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி, காற்றைச் சுத்தமாக வெளியேற்றி, காலி என்று காட்ட வேண்டும். போகிற மைதானத்தில் மறுபடி நிரப்பித் தருவார்கள். நாங்களோ, "போனதும் சுடலாமே" என்று முதல்நாள் நிரப்பி, அப்படியே எடுத்து வைத்திருந்தோம். சரி, அங்கேயே காலி செய்துவிடலாம் என்றால், அதற்கான சின்னத் திருகு எங்கே? முந்தின வாரம் வீட்டை ஒழித்தபோது, "இது என்ன இரும்புத் துண்டு" என்று நான்தான் அதைத் தையல் மெஷின் டிராயரில் போட்டு வைத்திருந்தேன்!

யாரையும் குறை சொல்ல முடியாது. தப்பு முழுக்க எங்களுடையது. நல்லவேளை, எங்களைக் கொண்டுவந்து விட்ட டிரைவர் தம்பி வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர் ஓடிப்போய்ச் சிலிண்டரை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். அது புதுச்சேரிக்குத் திரும்பிப் போயிற்று. நாங்கள் டெல்லிக்குப் போனோம். அங்கே அவளுடைய கோச் வேறொரு பிள்ளையிடமிருந்து அதே கம்பெனி சிலிண்டரை இரவல் வாங்கித் தந்தார். எப்போதும் 615-ஐத் தாண்டுகிறவள் அன்றைக்கு 608-இல் நின்றுவிட்டாள்.

"கை நடுங்கலம்மா. மனசுதான் அந்தக் கவுண்டர்லயே நின்னுடுச்சி" என்றாள் ராத்திரி. ஒரு வருஷ உழைப்பு, சகோதரிகளே! நான் ஒதுக்கிப் போட்ட ஒரு திருகால் ஏழு பாயிண்ட்!

அதற்கப்புறம் இந்த விஷயத்தை நான் கையில் எடுத்துக்கொண்டேன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இப்படிப் பிள்ளைகளை வைத்திருக்கிற தாய்மார்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சட்டம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லி மீட்டருக்கு மேற்படாத குழலும், 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள்கள் இதற்குள் அடங்கிவிடும். "அப்ப விளையாட்டுச் சாமான் மாதிரிதானே" என்று நினைத்துவிடாதீர்கள்! விமானத்தைப் பொறுத்தவரை அதுவும் ஆயுதம். கையோடு உள்ளே கொண்டுபோகவே கூடாது. சொல்லிக் காட்டிவிட்டு, சரக்கு அறையில்தான் போக வேண்டும். பார்வைக் கண்ணாடி, விசை, திருகுசாவி என்று துப்பாக்கியின் எந்த உறுப்பையும் கைப்பையில் வைக்காதீர்கள். ஸ்கேனரில் அது துப்பாக்கித் துண்டாகத்தான் தெரியும்.

டிக்கெட் எடுக்கும்போதே விமானக் கம்பெனிக்குத் தெரிவித்து, அவர்கள் ஒப்புக்கொண்டதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். கட்டணம் உண்டா, எவ்வளவு என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். உள்நாட்டுப் பயணம்தானே என்று அசட்டையாக இராமல் மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்விடுவது உத்தமம். துப்பாக்கி வாங்கிய ரசீது, சுடுவோர் அடையாள அட்டை, போட்டி அழைப்புக் கடிதம், உரிமம் தேவைப்படுகிற துப்பாக்கியென்றால் உரிமம், எல்லாவற்றிலும் இரண்டிரண்டு நகல். கிளப் துப்பாக்கியாக இருந்தால் கிளப்பின் சம்மதக் கடிதமும் வேண்டும். எல்லாக் காகிதத்திலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். ரேஷன் கார்டில் ஓர் எழுத்து மாறினாலே நாம் படுகிற பாடு தெரியாதா!

இத்தனையும் சரியாக இருந்தாலும் தொல்லை வராது என்று சத்தியம் செய்ய முடியாது. 2021 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து போபாலுக்குப் போகவிருந்த மனு பாக்கரையே கைத்துப்பாக்கிகளோடு ஏறவிடாமல் நிறுத்தினார்கள். காகிதமெல்லாம் இருந்தும் 10,200 ரூபாய் கேட்டதாக அவரே சமூக ஊடகத்தில் எழுதினார். அப்போதைய விளையாட்டு அமைச்சர் கிரண் ரிஜிஜு தலையிட்ட பிறகுதான் விமானம் ஏறினார். அதே பெண்தான் 2024-இல் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கி வந்தார். 2017 மே மாதம் செக் நாட்டிலிருந்து போட்டி முடிந்து திரும்பிய குர்ப்ரீத் சிங், செயின் சிங் முதலானவர்களை டெல்லி சுங்கத்தில் மணிக்கணக்காக உட்கார வைத்தார்கள். நம் பிள்ளைக்காக அமைச்சர் போன் செய்யப்போவதில்லை. ஆகவே நேரமும் காகிதமும்தான் நமக்குத் துணை.

புதுச்சேரியிலிருந்தே விமானம் ஏறலாமே என்று கேட்பீர்கள். 2024 டிசம்பரில் லாஸ்பேட்டையிலிருந்து பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் மறுபடி விமானம் விட்டபோது நாங்களும் ஆசைப்பட்டோம். ஆனால் டெல்லிக்கென்றால் நடுவில் மாறி ஏற வேண்டும். மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் பெட்டி ஒரு கை மாறுகிறது. மூன்று மணி நேரம் காரில் போனாலும் சென்னையிலிருந்து ஒரே விமானம் என்பதில்தான் எனக்கு நிம்மதி.

ஒரு யோசனை, இது என் சொந்த அனுபவம். ரைஃபிளை இரவல் வாங்கலாம், சிலிண்டரை இரவல் வாங்கலாம். ஜாக்கெட்டை வாங்க முடியாது. கித்தானும் தோலும் சேர்த்து உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த முரட்டுச் சட்டை அது. நாலாக மடித்தாலும் மடங்காது. அதைக் கைச்சாமானாக வைத்துக்கொண்டால், பெட்டி ஒருநாள் தாமதமாக வந்தாலும் பிள்ளை போட்டியில் நிற்க முடியும். ரைஃபிள் பெட்டியே பத்துக் கிலோவுக்கு மேல் போய்விடுகிறதே, எடைக் கணக்குக்கும் இது தோது!

இப்போது முறுக்குக் கதைக்கு வருகிறேன். டெல்லிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று முறுக்கும் புளிக்காய்ச்சலும் செய்து, பெரிய பெட்டியில் வைத்திருந்தேன். இடம் இருக்கிறதே என்று ஈயக் குண்டு டப்பாவையும் பக்கத்திலேயே சொருகினேன். கோச் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஈயம்!" என்று பதறிப் போனார்.

நாம் ரசம் வைப்போமே, அது வெள்ளீயப் பாத்திரம். இது காரீயம், விஷம். இந்த அளவு வரை பயமில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்கள் உடம்பைவிடச் சின்னக் குழந்தைகள் உடம்பு அதை நாலைந்து மடங்கு அதிகமாக இழுத்துக்கொள்ளும். மூளை வளர்ச்சியைத் தாக்கும். கர்ப்பிணியின் ரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போய்ச் சேரும். என் மகளோ 60 குண்டையும் விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, அதே விரலால் முறுக்கைக் கடிக்கிறவள்! வீட்டில் தவழ்கிற என் ஓரகத்தியின் குழந்தையையும் "வாடி செல்லம்" என்று அதே சட்டையோடு தூக்குவாள்.

இப்போது சட்டம் போட்டுவிட்டேன். குண்டு டப்பா துணிப்பையில் சுற்றி ரைஃபிள் பெட்டியில்தான் போகும், தின்பண்டத்தோடு சேராது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. வந்ததும் சட்டையை மாற்றிவிட்டுத்தான் குழந்தையைத் தொடலாம். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்கிறேன். உடம்பில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் போதுமான அளவு இருந்தால் ஈயம் ஏறுவது குறையும் என்பதால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால். சொல்லவா வேண்டும், இது நம் ராஜ்யம்!

மருந்துப் பையிலும் ஒரு கண் இருக்கட்டும். ஒற்றைத் தலைவலிக்கும் படபடப்புக்கும் டாக்டர்கள் எழுதித் தருகிற புரோப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துப்பாக்கிச் சுடும் விளையாட்டில் தடை செய்யப்பட்டவை. போட்டி நாளில் மட்டுமல்ல, எந்த நாளிலும். இதயத் துடிப்பைக் குறைத்துக் கையை நிதானப்படுத்தும் என்பதால் இந்தத் தடை. பிள்ளை துடிக்கிறதே என்று நம் மாத்திரையில் ஒன்றைக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால் நாமாக நிறுத்தவும் கூடாது. டாக்டரிடமும் கோச்சிடமும் சொல்லி முறைப்படி அனுமதி கேட்க வழி இருக்கிறது.

வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடுகிறவர்கள் பாடு இன்னும் கஷ்டம். ஒருவர் கொண்டுபோகக்கூடிய தோட்டா, பொதியோடு சேர்த்து ஐந்து கிலோ. இரண்டு பேர் பங்கை ஒரே பொதியாகக் கட்டவும் கூடாது. புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக்கில் கலந்துகொண்டாரே, அந்த டிராப் போட்டியில் பறக்கிற தட்டு மட்டும் 125. தோட்டா ஒன்று ஏறத்தாழ 35 முதல் 40 கிராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து கிலோ ஒரு போட்டிக்கே இழுபறி, பயிற்சிக்கு ஏது?

வெளிநாடு என்றால் நடுவில் இறங்குகிற ஊரின் சட்டத்தையும் கேட்டுவிட வேண்டும். நம் ஊரில் உரிமம் கேட்காத ஏர் ரைஃபிளைச் சிங்கப்பூருக்குள் போலீஸ் அனுமதியில்லாமல் கொண்டுபோக முடியாது. கிளம்பும்போதே நம் சுங்கத்தில் எண்ணைக் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால், திரும்பி வரும்போது "புதுசா வாங்கினதா?" என்ற கேள்வி எழாது.

போன தடவை டெல்லிக்குப் போனபோது, முதல்நாள் ராத்திரியே மொட்டை மாடியில் வைத்துச் சிலிண்டரைக் காலி செய்தோம். உஸ்ஸென்று அது சீறிய சத்தத்தில் எதிர்வீட்டு ஆயா, "என்னம்மா, கேஸ் லீக்கா?" என்று ஓடி வந்துவிட்டார். சென்னைக் கவுண்டரில் 20 நிமிஷத்தில் வேலை முடிந்தது. டெல்லியில் பெட்டியை ஊழியர் ஒருவர் கையோடு கொண்டுவந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார். 617 வாங்கினாள்.

அந்தச் சின்னத் திருகு இப்போது என் சாவிக்கொத்தில், பீரோ சாவிக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பெரிய மார்க்கெட்டில் பூக்காரம்மா, "இது எந்தப் பூட்டுச் சாவி அக்கா, இப்படி இருக்கு?" என்று கேட்டாள். சொன்னால் நம்பப் போகிறாளா என்ன? "தையல் மெஷினுது" என்று சொல்லிவிட்டு, இரண்டு முழம் பூவோடு வந்துவிட்டேன்.