24 மணி நேரம், 14 நாள்: ஓட்டுநர்கள் மறக்கக்கூடாத கெடுக்கள்

லிட்டில் இந்தியாவின் குறுகலான தெருக்களில், சரக்கு இறக்க வரும் லாரி நிறுத்தியிருக்கும் காரை உரசிவிடக்கூடும். "சின்னக் கீறல்தானே" என்று ஓட்டுநர் கிளம்பிவிட்டால் அதுவே தனிக் குற்றம்.

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, சேதம் ஏற்பட்டால் வாகனத்தை நிறுத்தித் தம் விவரங்களைத் தர வேண்டும். தர இயலாவிட்டால் 24 மணி நேரத்திற்குள் காவல்துறையிடம் புகார் செய்ய வேண்டும். கார் உரிமையாளர் அங்கு இல்லாவிட்டால், அவருக்குத் தகவல் சேர ஆவன செய்ய வேண்டும். முதன்முறை மீறுவோருக்கு 1,000 வெள்ளி வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம்.

வாகனம் ஓட்டத் தடையும் வரலாம். தடை ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்தால் உரிமம் செல்லாது. ஓட்டுநர் தேர்வுகளில் மீண்டும் தேற வேண்டும். வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு இதுதான் பேரிடி.

அரசு நீதிமன்றத் தீர்ப்பில் உடன்பாடில்லையா? தண்டனை விதிக்கப்பட்ட 14 நாள்களுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். உயர் நீதிமன்றம் அதை விசாரிக்கும். தண்டனை குறையலாம், கூடவும் செய்யலாம். மேல்முறையீடு செய்ததாலேயே ஓட்டுநர் தடை நின்றுவிடாது. அதை நிறுத்திவைக்க நீதிமன்றத்திடம் தனியே கேட்க வேண்டும்.

குற்றத்தை ஒப்புக்கொண்டவர் பொதுவாகத் தண்டனையை எதிர்த்து மட்டுமே மேல்முறையீடு செய்ய முடியும். எனவே, குற்றச்சாட்டு முழுமையாகப் புரியாமல் தலையாட்டிவிட வேண்டாம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவியைக் கேட்டுப் பெறலாம்.