தகட்டில் இருக்கும் எண்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து உலு திராமில் ஒருவர் பழைய வேக்கூம் கிளீனர்களைச் சேர்க்கத் தொடங்கினால், விலையைக் கேட்பதற்கு முன் இயந்திரத்தைக் கவிழ்த்து அடியில் உள்ள சின்னத் தகட்டைப் படிக்க வேண்டும். 120 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது எண் இருந்தால் அது பெரும்பாலும் அமெரிக்காவுக்காகச் செய்தது. 230, 240 என்றால் பிரிட்டன் வகை. ஜொகூர் வீட்டுச் சுவரில் வருவது 230-240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கும் பிரிட்டனின் மூன்று தட்டை முனைப் பிளக்தான். வெள்ளைக்காரன் விட்டுப்போன ரயிலையும் நீதிமன்றத்தையும் பற்றி நிறைய எழுதியாயிற்று. சுவரில் விட்டுப்போன ஓட்டைகளைத்தான் யாரும் கண்டுகொள்ளவில்லை.

120 வோல்ட் இயந்திரத்தை அப்படியே இங்கே சொருகினால் மோட்டார் தறிகெட்டுச் சுழலும். கார்பன் பிரஷ்களில் நீலப்பொறி பறக்கும், சற்று நேரத்தில் செம்புச் சுருள் கருகும். பிரிட்டன் இயந்திரத்தை அமெரிக்காவில் சொருகினால் ஆபத்தில்லை, ஆனால் நோயாளிபோல முனகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருந்தால் முதல் சிக்கல் தீரும். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50 ஆயிற்றே என்று கேட்கலாம். இந்த மோட்டாருக்கு அது பொருட்டே இல்லை. நிலைச் சுருளும் சுழல் சுருளும் ஒரே வரிசையில் இணைந்திருப்பதால், மின்னோட்டம் திசை மாறும்போது இரண்டின் காந்தப்புலங்களும் சேர்ந்தே மாறுகின்றன. ஆகவே தள்ளும் திசை மாறுவதில்லை. மாறுதிசை மின்சாரத்திலும் ஓடும், நேர்திசை மின்சாரத்திலும் ஓடும்.

இந்தக் குணம் அன்று பெரிய வரம். முதல் வேக்கூம் கிளீனர்கள் வீடுகளுக்கு வந்தபோது பிரிட்டனில் ஊருக்கு ஒரு மின்னழுத்தம், சில ஊர்களில் நேர்திசை மின்சாரம். பல வீடுகளில் சுவர்ப் பிளக்கே கிடையாது, விளக்குக்கு மட்டும்தான் கம்பி இழுத்திருந்தார்கள். பல்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இயந்திரத்தின் வயரை மாட்டினார்கள். அமெரிக்காவில் திருகும் பல்பு, பிரிட்டனில் அழுத்தித் திருப்பும் பல்பு. இரண்டு நாட்டு இயந்திரங்களும் பிரிந்தது அங்கேயே என்று சொல்லத் தோன்றுகிறது.

பிறப்பிலும் இரண்டு கதைகள். லண்டனில் 1901-ல் ஹியூபர்ட் செசில் பூத் செய்த இயந்திரம் குதிரை வண்டியில் வந்து தெருவில் நின்றது, நீண்ட குழாய்கள் ஜன்னல் வழியே உள்ளே போயின. 1902-ல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டுக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் கம்பளங்களை அது சுத்தம் செய்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில், ஆஸ்துமாவோடு ஒரு கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தவர் ஜேம்ஸ் மரி ஸ்பாங்லர். விசிறி மோட்டார், துடைப்பக் கட்டை, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கருவி செய்து 1908-ல் காப்புரிமை வாங்கினார். அதை அவரிடமிருந்து விலைக்கு வாங்கியவர் தோல் பொருள் வியாபாரி வில்லியம் ஹூவர். அமெரிக்க இயந்திரம் நிமிர்ந்து நிற்கும். அடியில் தூரிகை உருளை இருக்கும், கம்பளத்தை அடித்து உலுக்கும். அறை முழுக்கக் கம்பளம் விரித்த வீடுகளுக்கு அது பொருந்தியது. உலு திராமின் ஓடு பதித்த தரைக்கு அந்த உலுக்கல் வீண் வேலை. நம் ஈர்க்குமாறு அதைவிட விரைவாக முடித்துவிடும்.

எந்த நாட்டு இயந்திரமானாலும் அது தூசியை 'இழுப்பதில்லை'. விசிறி உள்ளிருக்கும் காற்றை வெளியே எறிகிறது. உள்ளே அழுத்தம் குறைய, அறையின் காற்று முந்திக்கொண்டு உள்ளே பாய்கிறது. அந்தப் பாய்ச்சலில் தூசியும் போகிறது. காற்றை உள்ளே தள்ளுவது நம் தலைக்கு மேலிருக்கும் வளிமண்டலத்தின் கனம், அதற்கான அழுத்த வேறுபாட்டை உண்டாக்குவது மோட்டார்.

ஜொகூரின் புழுக்கத்தில் சேகரிப்பாளரை வதைப்பது மோட்டார் அல்ல, ரப்பர். பழைய வயரின் உறை, உருளையைச் சுழற்றும் பெல்ட், சக்கரம் எல்லாம் இயற்கை ரப்பர். அதன் நீண்ட மூலக்கூறுகளில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை ஓசோன் தாக்கி அறுக்கும். இழுபட்டிருக்கும் ரப்பர் முதலில் வெடிக்கும், அதனால் நிறுத்திவைக்கும்போது பெல்ட்டைக் கழற்றிவிடுவது நல்லது. இயற்கை ரப்பர் உற்பத்தியில் உலகில் முதலிடம் வகித்த மலாயாவில், உலு திராம் போன்ற ஊர்களைச் சுற்றிப் பால்மரத் தோட்டங்கள் இருந்தன. விடியற்காலையில் பால் வெட்டிய கைகளில் கணிசமானவை தமிழர் கைகள். 1930களின் ஏதோ ஒரு லண்டன் ஹூவரின் பெல்ட்டில் அந்தப் பாலும் கலந்திருக்கக்கூடும்.

பிறகு இயந்திரமே இங்கே வந்துவிட்டது. ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்து உருவாக்கிய, பையில்லாத சுழல்காற்று இயந்திரம் 1993-ல் டிசி01 என்ற பெயரில் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. காற்றை வேகமாகச் சுழற்றினால் தூசி விலகி ஓரத்துக்கு ஒதுங்கும், பை அடைத்துக்கொள்ளும் தொல்லை இல்லை. 2002-ல் அந்த நிறுவனம் வேக்கூம் கிளீனர் உற்பத்தியை இங்கிலாந்தின் மால்ம்ஸ்பெரியிலிருந்து மலேசியாவுக்கு மாற்றியது. மால்ம்ஸ்பெரியில் ஏறக்குறைய 800 பேர் வேலை இழந்தார்கள். உலு திராமுக்கு மேற்கே இருக்கும் செனாய் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அந்த உற்பத்தி நடந்தது.

2018-ல் டைசன் புதிதாக வயர் கொண்ட மாடல்களை இனி உருவாக்கப்போவதில்லை என்று அறிவித்தார். அந்த ஆண்டு வந்த மாடலில் பேட்டரியில் ஓடும் மோட்டார் நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை சுற்றியது, கார்பன் பிரஷ் கிடையாது. சார்ஜரின் தகட்டில் 100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கும். அமெரிக்க, பிரிட்டன் பேதம் பிளக்கின் முனையோடு முடிந்துபோனது. ஆனால் எனக்கென்னவோ சேகரிப்பாளருக்கு இது நல்ல செய்தியாகப் படவில்லை. 1930களின் ஹூவருக்குப் புது வயரும் பெல்ட்டும் கார்பன் பிரஷ்ஷும் போட்டால் இன்றும் உறுமும். இந்த லித்தியம் பேட்டரி சில வருடங்களில் செத்துப்போகும், அதே அளவில் வேறு பேட்டரி அன்றைக்குக் கிடைக்குமா என்பது கம்பெனியின் கையில்.